ஆஸ்பத்திரில ரிசர்ச் பண்ற திறனை வளர்க்குறது எப்படி, வளர்ந்துச்சான்னு பாக்குறது எப்படி

முதல்ல ட்ரெயினிங் தேதியை முடிவு பண்ணாதீங்க. இப்ப நம்ம ஆஸ்பத்திரி எந்த நிலைமைல இருக்குன்னு அளந்து எழுதி வெச்சுக்கோங்க, அதைச் செய்யாம ஆரம்பிச்சா ரெண்டு வருஷம் கழிச்சு என்ன முன்னேற்றம்னு யாராவது கேட்டா காட்ட ஒண்ணுமே இருக்காது. இதுக்குன்னே ஆஸ்திரேலியால உருவாக்கி 2012-ல வெளியிட்ட ஆர்சிசின்னு (RCC, Research Capacity and Culture, அதாவது ஆராய்ச்சித் திறனையும் சூழலையும் அளக்குறது) ஒரு கேள்வித்தாள் இருக்கு. தனிநபர், டீம், நிறுவனம்னு மூணா பிரிச்சு ஒவ்வொரு விஷயத்துக்கும் 1-லேர்ந்து 10 வரை மார்க் போடச் சொல்லும். மூணையும் தனித்தனியா பாருங்க, நர்ஸுங்க தங்களுக்கு 7 போட்டுக்கிட்டு நிறுவனத்துக்கு 2 போட்டிருந்தா அங்க இன்னொரு க்ளாஸ் எடுத்து பிரயோஜனமே இல்ல, கொடுக்க வேண்டியது நேரமும் ஆளும்தான்.

அடுத்தது கேள்வி. இதுல அவசரப்படவே கூடாது. வெளியிலேர்ந்து ஒருத்தர் டாபிக் கொண்டு வந்து கொடுத்தா நம்மாளுங்க ஃபார்ம் நிரப்புறதோட நின்னுடுவாங்க, அதனால வார்டுல தினமும் புலம்புற விஷயத்துலேர்ந்தே எடுங்க. "கேனுலா போட்ட கை அடிக்கடி வீங்கிப் போகுது"ன்னு ஒரு நர்ஸ் சொல்றாங்கன்னு வைங்க (கேனுலாங்கிறது மருந்து ஏத்த ரத்தக்குழாய்ல போடுற சின்னக் குழாய்). கூட உக்காந்து கேளுங்க. சிவந்து வலிக்குதா, இல்ல மருந்து கசிஞ்சு உப்பிக்குதா? எல்லா பேஷன்ட்டுக்குமா, ஆன்டிபயாடிக் ஏத்துறவங்களுக்கு மட்டுமா? எத்தனாவது நாள்ல? முன்னங்கைல போட்டா எப்படி, மணிக்கட்டுகிட்ட போட்டா எப்படி? இப்படிக் கேக்கக் கேக்க அந்தப் புலம்பல், ஆன்டிபயாடிக் ஏத்துற பேஷன்ட்டுங்களுக்கு கேனுலா போட்ட இடத்தைப் பொறுத்து ஃப்ளெபிடிஸ் (ரத்தக்குழாய் அழற்சி) வர்றது மாறுதாங்கிற கேள்வியா வந்து நிக்கும். பாதி டேட்டா ஏற்கனவே சார்ட்லயே இருக்கும், மீதிக்கு ஒரு பக்க ஃபார்ம் போதும். எத்திக்ஸ் கமிட்டிகிட்ட டேட்டா எடுக்குறதுக்கு முன்னாடியே போயிடணும், எடுத்து முடிச்சுட்டு அனுமதி கேக்க முடியாது.

பெரும்பாலும் எல்லாம் நின்னு போறது நேரத்துலதான். டூட்டி முடிஞ்சப்புறம் பாத்துக்கோங்கன்னு சொன்னா நடக்கவே நடக்காதுங்க, களைச்சுப் போன மனுஷங்ககிட்ட அதை எதிர்பாக்குறதே நியாயமில்ல. ரோஸ்டர்லயே ரிசர்ச் நேரம்னு எழுதி, அந்த நேரத்துக்கு யார் மாத்து டூட்டின்னும் பேர் போட்டு, வார்டு இன்சார்ஜ் கையெழுத்தும் வாங்கிடுங்க. கூடவே ஸ்டாட்டிஸ்டிக்ஸ் தெரிஞ்ச ஒருத்தர் போன்ல கிடைக்கணும், டேட்டா சேத்த பிறகு இல்ல, ஃபார்ம் டிசைன் பண்றப்பவே.

ட்ரெயினிங் வைக்கிறதா இருந்தா SORT IT (சார்ட் இட்)ங்கிற ஆராய்ச்சிப் பயிற்சித் திட்டம் மாதிரி வைங்க. 2009-ல தி யூனியன்ங்கிற சர்வதேச காசநோய் எதிர்ப்பு அமைப்பும் எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பும் சேந்து ஆரம்பிச்சது, இப்ப உலக சுகாதார நிறுவனத்துல இருக்குற டிடிஆர்ங்கிற (TDR) வெப்பமண்டல நோய் ஆராய்ச்சித் திட்டம் அதை ஒருங்கிணைக்குது. அங்க ஒவ்வொரு கட்டத்துக்கும் கெடு உண்டு, புரோட்டோகால் (ஆராய்ச்சியை எப்படிச் செய்யப்போறோம்ங்கிற திட்டம்), டேட்டா, பேப்பர்னு அந்தந்தத் தேதிக்குள்ள கொடுத்தாதான் மேல போக முடியும், பக்கத்துலயே மென்டாரும் இருப்பாங்க. கறாரா தெரியலாம், ஆனா அதனாலதான் வேலை பாதில நிக்காம முடியுது.

இப்ப மதிப்பீடு. எத்தனை பேப்பர் வந்துச்சுன்னு மட்டும் எண்ணாதீங்க, பேப்பர் வர்றதுக்கே காலம் புடிக்கும், அதுக்குள்ள திட்டம் ஃபெயில்னு மூடிடுவாங்க. ஜோ குக்ங்கிற ஆராய்ச்சியாளர் 2005-ல எழுதுன கட்டமைப்பு இதுக்கு நல்லா உதவும். தனிநபர், டீம், நிறுவனம், நெட்வொர்க்னு நாலு மட்டத்துல ஆறு விஷயத்தைப் பாக்கச் சொல்றாங்க: திறமையும் தன்னம்பிக்கையும், கூட்டு உறவுகள், வேலைக்கு நெருக்கமான ஆராய்ச்சி, முடிவுகளைப் பரப்புறது, வசதிகள், தொடர்ச்சி. நடைமுறைல ரோஸ்டர்ல போட்ட ரிசர்ச் நேரம் உண்மையிலயே கிடைச்சுச்சா, எத்தனை புரோட்டோகால் எத்திக்ஸ் தாண்டுச்சு, கண்டுபிடிச்சதை வார்டு மீட்டிங்ல சொன்னாங்களா, அதுக்கப்புறம் கேனுலா போடுற முறைல எதாவது மாறுச்சா, முதல் பேட்ச் ஆளுங்க அடுத்த பேட்ச்சுக்கு மென்டாரா வந்தாங்களான்னு பாருங்க. நானா இருந்தா கடைசி ரெண்டுக்கும்தான் அதிக வெயிட் கொடுப்பேன்.

ஒரு வருஷம் கழிச்சு அதே கேள்வித்தாளை அதே ஆளுங்களுக்குத் திரும்பக் கொடுங்க. வேலையை விட்டுப் போனவங்களையும் புதுசா வந்தவங்களையும் ஒண்ணா கலந்து சராசரி எடுத்துடாதீங்க, ரெண்டு தடவையும் பதில் சொன்னவங்க மார்க்கை மட்டும் தனியா ஒப்பிடுங்க, போனவங்க எத்தனை பேர்னு பக்கத்துலயே எழுதுங்க.