தீபாவளி நெருக்கடியும் அழகு நிலையப் பெண்களும்: உரிமையாளர்கள் செய்ய வேண்டியவை

தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரங்களில், மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணங்களில், அழகு நிலையத்து நாற்காலி சூடு ஆறுவதே இல்லை. புருவம் திருத்துவது, சாயம் பூசுவது, மணப்பெண் அலங்காரம் என எல்லாம் இரண்டு மூன்று பெண்களின் கைகளில் விழுகின்றன; பண்டிகை முடிந்த கையோடு அவர்களில் ஒருவர் வேலையை விட்டு நின்றுவிடுகிறார். அப்படி நடக்காமல் பார்த்துக்கொள்ள விரும்பும் உரிமையாளர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில், ஒவ்வொருவரும் வந்து போகும் நேரத்தை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வையுங்கள். 2023 ஜனவரி 1 முதல் வாரத்தின் சாதாரண வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 ஆகக் குறைந்துள்ளது. அதற்கு மேல் வேலை வாங்கினால், மாதம் 4,000 ரிங்கிட் வரை சம்பளம் பெறுபவருக்கு மணிக்கு ஒன்றரை மடங்கு தர வேண்டும். வாடிக்கையாளர் வராத மத்தியானத்தை, "சும்மாதானே உட்கார்ந்திருந்தாள்" என்று கணக்கில் கழிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது தவறு, விருப்பம்போல் வெளியே போக முடியாமல் கடையில் காத்திருக்கும் நேரமும் வேலை நேரமே.

அடுத்து அவர்களின் கைகளைப் பாருங்கள். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்து, கழுத்தைக் குனிந்தபடியே வைத்துப் புருவம் திருத்துபவரின் ஆள்காட்டி விரலில் நூல் அறுத்த கோடு சிவந்து நிற்கும். தொடர்ந்து 5 மணி நேரத்திற்கு மேல் வேலை வாங்காமல், இடையில் குறைந்தது 30 நிமிடம் ஓய்வு தருவது சட்டம். சாயம் கலப்பவருக்கு நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறை வாங்கித் தருவது உங்கள் கடமை. வாடிக்கையாளர் சத்தம் போட்டால், நீங்கள் முன்னால் வந்து பேசுங்கள்.

ஊழியர் ஓரிடத்தில் நிலைத்திருப்பதற்கு ஆய்வாளர்கள் ஜான் மேயரும் நாத்தலி ஆலனும் 1991இல் மூன்று காரணங்களைப் பிரித்துக் காட்டினர்: வேலை செய்யும் இடத்தின் மீது பற்று, விட்டால் நேரும் இழப்பு, கடமைப்பட்ட உணர்வு. நம் ஊரில் மூன்றாவதே அதிகம். "தொழில் கற்றுக்கொடுத்த அக்காவை விட்டுப் போவதா" என்று தயங்கும் பெண்ணின் நன்றியைச் சம்பளத்திற்கு ஈடாக எடுத்துக்கொள்வது மிகப் பெரிய அநியாயம். 2025 ஆகஸ்ட் முதல் சிறிய கடைகளுக்கும் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். ஓய்வுக்காலச் சேமநிதியும் (EPF), சொக்சோ (SOCSO) என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தாவும் தனி.

பண்டிகை முடிந்த வாரத்தில், கடையை அரை நாள் மூடி, ஒவ்வொருவரிடமும் தனியாக உட்கார்ந்து எது கஷ்டமாக இருந்தது என்று கேளுங்கள். சொன்னதை அதே நோட்டில் எழுதி, அடுத்த தீபாவளிக்கு நேரம் பிரிக்கும் முன் எடுத்துப் பாருங்கள்.