தபால் நிலையத்துக்குள் ஒரு சினிமா கொட்டகை

வெளிநாட்டிலிருந்து சென்னைக்குப் போகும்போது தி.நகர், மயிலாப்பூர் போக மிச்சமிருக்கும் அரை நாளில் இரண்டு தபால் நிலையங்களைப் பார்க்கலாம் என்று வீட்டில் சொன்னேன். மனைவி சிரித்தார். மகள் சிரிக்கக்கூட இல்லை, போனிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. கடைசியில் பயணத்திலேயே அவள் அதிக நேரம் நின்று பார்த்த இடம் அதில் ஒன்றுதான்.

ஆட்டோவில் ஏறும்போதே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். 'பெரிய போஸ்டாபீஸ்' என்றால் பாரிமுனைப் பக்கம் ஜிபிஓவில், அதாவது ஜெனரல் போஸ்டாபீஸில் கொண்டுபோய் இறக்குவார்கள். நாம் முதலில் போக வேண்டியது மவுன்ட் ரோடு போஸ்டாபீஸ், அதாவது அண்ணா சாலைத் தலைமை அஞ்சலகம். மெட்ரோவில் வருவதாக இருந்தால் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கலாம்.

அந்த வளாகத்துக்குள் இருக்கும் பழைய கட்டடம்தான் எலக்ட்ரிக் தியேட்டர். வார்விக் மேஜர் என்பவர் 1913-இல் தொடங்கியது. மெட்ராஸில் படம் காட்டவென்றே எழுந்த முதல் நிரந்தரக் கொட்டகை என்று பலரும் சொல்வது இதைத்தான். 1911-இல் திருமதி க்ளூக் என்பவர் பிராட்வேயில் நடத்திய பயாஸ்கோப் கொட்டகை இதற்கு முந்தியது, ஆனால் சில மாதங்களே ஓடியது. எலக்ட்ரிக் தியேட்டரும் நெடுநாள் நீடிக்கவில்லை. 1915-இல் தபால் துறை வாங்கிவிட்டது. இரண்டே வருஷம்! அதற்குள் 1914-இல் சினிமா முன்னோடி ரகுபதி வெங்கையா பக்கத்திலேயே கெயிட்டி என்ற கொட்டகையைத் திறந்திருந்தார். அது பின்னாளில் இடிபட்டுப் போனது. சினிமா இந்த ஊரில் பெரிய தொழிலாக வளர்ந்த பிறகு எத்தனையோ பெரிய கொட்டகைகள் வணிக வளாகங்களாகிவிட்டன. ஊமைப்பட காலத்துக் கட்டடம் மட்டும் நிற்கிறது என்றால், ஓர் அரசுத் துறை வாங்கிப் போட்டு அப்படியே வைத்திருந்ததுதான் காரணம். பாதுகாக்க வேண்டும் என்று நினைத்துச் செய்ததா என்று கேட்காதீர்கள்.

இப்போது அங்கே இருப்பது தபால் தலை சேகரிப்போருக்கான பிரிவு. ஆகவே வேடிக்கை பார்க்க வந்தேன் என்று தயங்கி நிற்க வேண்டாம், ஒரு வேலையோடு போங்கள். நாங்கள் போனது 'மை ஸ்டாம்ப்' வாங்க. உங்கள் படத்தைத் தபால் தலையோடு சேர்த்து அச்சிட்டுத் தருவார்கள். 12 தலைகள் கொண்ட ஏடு 300 ரூபாய். உயிரோடு இருப்பவர்களுக்குத் தபால் தலை வெளியிடுவது நம் நாட்டில் அபூர்வம், அதைச் சொல்லி, பாட்டிக்கு அவர் படம் போட்ட தலையைக் கொடுத்துப் பாருங்கள். நல்ல படம் ஒன்றும் பாஸ்போர்ட் நகலும் எடுத்துப் போங்கள். வெளிநாட்டு அட்டையை நம்பாமல் ரொக்கமாக, சில்லறையாக வைத்திருங்கள். ஞாயிறு வேண்டாம், மதிய உணவு நேரமும் வேண்டாம், பத்தரை மணிவாக்கில் போனால் சரி. உள்ளே படமெடுக்க ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். 1960-இல் வந்த திருவள்ளுவர், பாரதியார் தலைகள் எல்லாம் இங்கே கிடைக்காது, அவை பழைய தலை விற்கும் வியாபாரிகளிடம்தான்.

வெளிநாட்டுக்குப் புத்தகம் அனுப்பும் எண்ணம் இருந்தால் பெட்டியை வீட்டிலேயே ஒட்டிவிடாதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கக் கேட்பார்கள், சுங்கப் படிவமும் நிரப்ப வேண்டும். நான் ஒருமுறை வேறோர் ஊரில் மூன்று சுற்று டேப் ஒட்டிக் கொண்டுபோய், அங்கேயே பிளேடு கடன் வாங்கிப் பிரித்தேன். அப்புறம், உள்நாட்டில் யாருக்காவது பதிவுத் தபால் அனுப்ப வேண்டும் என்று போய் நிற்காதீர்கள். 2025-இல் அதை ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள்.

சாயங்காலம் ஜிபிஓ. ராஜாஜி சாலையில், கடற்கரை ரயில் நிலையத்துக்குப் பக்கம். மெட்ராஸில் ஜிபிஓ தொடங்கியது 1786-இல், கோட்டைக்குள். இந்தச் சிவப்புக் கட்டடத்துக்குக் குடிவந்தது 1884-இல். வடிவமைத்தவர் ராபர்ட் சிஸோம். திருவனந்தபுரம் நேப்பியர் அருங்காட்சியகமும் அவர் கைவண்ணம்தான். 2000-இல் தீப்பிடித்து உள்ளே நிறையச் சேதமானது, செப்பனிட்டு மறுபடி தபால் வேலைக்கே வைத்துக்கொண்டார்கள். எனக்கு அதுதான் பிடித்தது. ஹோட்டலாக்காமல் விட்டார்களே! எதிர்ச்சாரியில் நின்று அண்ணாந்து பார்த்தால் முகப்பு முழுதாகத் தெரியும். சாலையைக் கடப்பதற்குத்தான் தைரியம் வேண்டும்.

அப்படியே நடந்தால் பர்மா பஜார். 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்களுக்காக அமைந்த கடைத்தெரு. போன் கடைகளைத் தாண்டி இரண்டாவது கடற்கரைச் சாலைப் பக்கம் திரும்புங்கள், தள்ளுவண்டிகளில் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் கிடைக்கும். கூடவே வாழைத்தண்டு சூப். காரம் குறைவாக என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.