புதுசா அசெம்பிள் பண்ண பிசி ஆன் ஆகி உடனே ஆஃப் ஆகுதா?

ஃபேன் ஒரு சுத்து சுத்தி உடனே நின்னுடுதுன்னா பதறி மதர்போர்டு போச்சுன்னு முடிவு பண்ணிடாதீங்க, மொதல்ல பிராசஸர் பக்கத்துல மேல் மூலையில இருக்குற 8 பின் சிபியு பவர் கேபிள் சொருகியிருக்கான்னு பாருங்க, போர்டோட 24 பின் கேபிள் பெருசா கண்ணுல படும், இந்த 8 பின்ன நிறைய பேர் விட்டுடுவாங்க. அந்த எடத்துல கிராபிக்ஸ் கார்டோட 8 பின்ன மட்டும் அழுத்தி சொருகிடாதீங்க, வயரிங் வேற.

சரியா 4 செகண்ட்ல ஆஃப் ஆகுதுன்னா எனக்கு கேபினெட் பவர் பட்டன் மேலதான் சந்தேகம் வரும். அது உள்ள அழுந்தியே மாட்டிக்கிட்டா நாம கை வச்சு அமுக்கிட்டே இருக்குற மாதிரிதான் போர்டு நெனச்சுக்கும். அந்த வயர கழட்டிட்டு ஸ்க்ரூடிரைவர் முனையால போர்டுல அது சொருகியிருந்த பவர் ஸ்விட்ச் பின் ரெண்டையும் ஒரு தடவ தொட்டு விடுங்க, ஓடுச்சுன்னா பட்டன்தான் வில்லன்.

இன்னும் வரலையா, பிளக்க புடுங்கிட்டு போர்ட வெளிய எடுத்து அதோட அட்டைப்பெட்டி மேல வச்சு பிராசஸர், கூலர், ஒரே ஒரு ராம், இவ்ளோதான் போட்டு ஆன் பண்ணுங்க. வெளிய ஓடி உள்ள ஓடலைன்னா எங்கயோ ஷார்ட், தேவையில்லாத எடத்துல ஸ்டாண்ட்ஆஃப் (போர்ட தாங்க கேபினெட்ல இருக்குற சின்ன உலோகக் கால்) முட்டிட்டு இருக்கலாம்.

கொஞ்ச நேரம் ஓடிட்டு ஆஃப் ஆனா கூலர் சரியா உக்காராம பிராசஸர் சூடாகியிருக்கலாம், கூலர் அடியில ஒட்டியிருக்குற பிளாஸ்டிக் ஷீட்ட உரிச்சீங்களா?

டிடிஆர்5 ராம்னா மொதல் தடவ டிஸ்ப்ளே வர சில நிமிஷம்கூட ஆகும், பொறுங்க.