மூத்த மெற்றல் குழுவுக்கு ரிக்கெற் எடுக்க முதல்

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு பழைய ஹெவி மெற்றல் குழுவொன்றை நேரில் பார்ப்பதென்றால், பலாலியில் ஏறிச் சென்னை, பிறகு பெங்களூர் என்று காசு கரையும். அயன் மெய்டன் 2007இலும் மெற்றாலிக்கா 2011இலும் வாசித்தது பெங்களூரில்தான். நீங்கள் பார்க்க நினைக்கும் குழு இப்போதும் மேடையில் தாங்குமா என்பதை வீட்டிலிருந்தே ஒரு மணித்தியாலத்தில் அறியலாம். வயதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். 1951இல் பிறந்த ரொப் ஹல்ஃபோர்ட் எழுபது தாண்டியும் ஜூடாஸ் பிரீஸ்டில் பாடினார்.

முதலில், நடப்புச் சுற்றுப்பயணத்தில் ரசிகர்கள் கைத்தொலைபேசியில் எடுத்த வெட்டாத காணொளியைத் தேடுங்கள். குழுவே வெளியிடும் நேரடி இசைத்தட்டை நம்ப முடியாது. பிசகியதைக் கலையகத்தில் திருத்துவது பழைய வழக்கம். ஒரே இரவின் இரண்டு காணொளிகள் வேண்டும். பதிப்புரிமைத் தடையில் சிக்காமலிருக்கச் சிலர் சுருதியை மாற்றிப் பதிவேற்றுவார்கள். இரண்டும் ஒத்துவந்தால் பயமில்லை.

சுருதி பார்ப்பது எங்கட ஆட்களுக்கு இலகு. சாதாரணமாகச் சுருதி கூட்டிய கிற்றாரின் தடித்த தந்தி மூன்று கட்டை. கைத்தொலைபேசிச் சுருதிப்பெட்டியை அதில் வைத்து, அப்படிச் சுருதி கூட்டி வாசித்த பழைய பாட்டு ஒன்றை ஓடவிட்டு, அதே பாட்டை இன்றைய காணொளியில் கேளுங்கள். அரைக் கட்டை இறங்கியிருந்தால், அதாவது 82.4 ஹேர்ட்ஸ் தந்தி 77.8க்கு வந்திருந்தால், அது குறையே இல்லை. மெற்றாலிக்கா தொண்ணூறுகளிலிருந்தே மேடையில் இரண்டரைக் கட்டைதான். அயன் மெய்டன் பாடகர் புரூஸ் டிக்கின்சன் 2015இல் நாக்குப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்துத் திரும்பிய பிறகும் பழைய சுருதியிலேயே பாடினார்; அது அபூர்வம். முழுக் கட்டை இறக்கியும், உச்சம் வரும்போதெல்லாம் பாடகர் ஒலிவாங்கியைச் சனத்தின் பக்கம் நீட்டினால்தான் யோசிக்க வேண்டும்.

பிறகு வேகம். 15 செக்கனில் விழும் தாளத்தை எண்ணி நாலால் பெருக்குங்கள். இசைத்தட்டோடு ஒப்பிடுவது பிழை. இளவயதில் அநேகமான குழுக்கள் மேடையில் தட்டைவிட வேகமாக ஓடியவை. அந்தக் கால மேடைப் பதிவோடு ஒப்பிடுங்கள். 200 என்பது 190 ஆனால் பெரும்பாலானோருக்குத் தெரியாது. 170 ஆனால் ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிற்றார் வரி, தொய்ந்துவிடும். இரவு முழுக்க வேகம் இம்மியும் அசையாவிட்டால் ட்ரம்ஸ்காரரின் காதில் டிக் டிக் என்று தாளம் காட்டும் மெற்றோனோம் ஓடுகிறது என்று எடுக்கலாம். அதோடு பதிவுசெய்த பின்குரலும் ஓடக்கூடும். பாடகர் வாய் மூடியிருக்கும்போது கோரஸ் கேட்கிறதா என்று பாருங்கள்.

ட்ரம்ஸில் முதலில் களைப்பது கால். 200 வேகத்தில் ஒரு தாளத்துக்கு நாலு உதை என்றால் செக்கனுக்கு 13க்கு மேல். பெரிய ட்ரம்மில் பூட்டும் ட்ரிகர், மெதுவாக உதைத்தாலும் பதிவுசெய்த பலமான ஒலியை எழுப்பும். ஆனால் அது பலக்குறைவைத்தான் மறைக்கும், காலப்பிசகை மறைக்காது. ஆகவே சத்தத்தை விட்டு, உதைகளுக்கிடையிலான இடைவெளி சீராக இருக்கிறதா என்று கேளுங்கள். அயன் மெய்டன் ட்ரம்ஸ்காரர் நிக்கோ மக்பிரெய்னுக்கு 2023 ஜனவரியில் பக்கவாதம் வந்தது. அதே வருடம் மேடையேறி, 2024 டிசம்பரில் சுற்றுப்பயணங்களிலிருந்து ஒதுங்கினார். ஆள் மாறியதற்காக மட்டும் குழுவைக் கழித்துவிடாதீர்கள். பார்கின்சன் நோயால் ஜூடாஸ் பிரீஸ்ட் கிற்றார்காரர் கிளென் டிப்டன் சுற்றுப்பயணங்களிலிருந்து விலகிய இடத்தில் 2018இலிருந்து அண்டி ஸ்னீப் வாசிக்க, பிரீஸ்ட் தளரவில்லை.

நேரமில்லாவிட்டால் இதை மட்டும் செய்யுங்கள்: ஓய்வு நாள் இல்லாமல் அடுத்தடுத்து வந்த இரண்டு கச்சேரிகளைக் கண்டுபிடித்து, இரண்டாவது இரவின் கடைசி 20 நிமிடத்தைக் கேளுங்கள். முதல் மூன்று பாட்டில் எல்லாரும் சிங்கம்தான்.

விடைபெறும் கச்சேரிக்கு இந்த அளவுகோல் எதுவும் பொருந்தாது. 2025 ஜூலை 5 பர்மிங்காமில் பிளாக் சபாத் பாடகர் ஓஸி ஒஸ்போர்ன் இருக்கையில் இருந்தபடியே பாடினார். சுருதி பார்க்க ஆர் போனது?

ரிக்கெற் எடுத்தாயிற்றென்றால், ஒலிக்கலவை மேசைக்குப் பக்கத்தில் இடம் பிடியுங்கள். ஒலி சீராகக் கேட்பது அங்கேதான். காதடைப்பானையும் மறக்க வேண்டாம். 100 டெசிபெலில் காதுக்குப் பாதுகாப்பான நேரம் 15 நிமிடம்தான்.