தனிக் கோச்சிடம் பாஸ்கட்போல் பழகுவது: திருகோணமலைப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்

பாடசாலைப் பயிற்சியில் இருபது பிள்ளைகள், இரண்டு ரிங். ஒருவர் ஷூட் பண்ணிவிட்டு வரிசையில் நின்று அடுத்த முறை பந்தைத் தொடுவதற்குள் உடம்பு ஆறிவிடும். முழங்கை விரிகிறதா, கால் பிழைக்கிறதா என்று ஒவ்வொருவராகப் பார்க்கக் கோச்சுக்கும் நேரமில்லை. தனிக் கோச்சுக்குக் காசு கொடுப்பது இந்தக் குறையை நிரப்பத்தான். கிழமைக்கு இரண்டு வகுப்பில் அவர் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தும் வழியைக் காட்டுவார். கை பழகுவது மற்ற நாட்களில். வீட்டில் பந்து இல்லாத பிள்ளைக்கு முதலில் பந்து வாங்குங்கள், கோச் பிறகு பார்க்கலாம்.

பந்தின் அளவு முக்கியம். பன்னிரண்டு வயதுக்குக் கீழே 5ஆம் இலக்கம், பெண்பிள்ளைகளுக்கு 6, வளர்ந்த ஆண்பிள்ளைகளுக்கு 7. அண்ணனின் 7ஆம் இலக்கப் பந்தைச் சின்னப் பிள்ளை தோளுக்குப் பின்னாலிருந்து எறிந்து பழகினால், அந்தப் பழக்கத்தை மாற்றவே பல மாதம் போகும். சீமெந்துத் தரைக்கு றப்பர் பந்து போதும். உள்ளரங்கத்துக்கான விலை கூடிய பந்தின் தோல் அந்தத் தரையில் சீக்கிரம் தேய்ந்து வழுக்கத் தொடங்கிவிடும். காற்றின் அளவு வால்வுக்குப் பக்கத்தில் அச்சிட்டிருக்கும், பெரும்பாலும் 7 முதல் 9 இராத்தல் (psi). ஊசியை நனைத்துச் செருகுங்கள், காய்ந்த ஊசி வால்வைக் கிழிக்கும்.

வகுப்புக்கு முன்: பிழையை எண்ணுங்கள்

“என்ர பிள்ளைக்கு எல்லாம் பழக்குங்கோ” என்று போனால் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம்தான் கிடைக்கும். இரண்டு மட்ச்சை வீடியோ எடுங்கள். போனைக் கிடையாகப் பிடித்து, மைதானத்தின் நடுப்பகுதிக்கு நேரே சற்று உயரமான இடத்தில் நில்லுங்கள். பந்தை மட்டும் துரத்தாமல், பிள்ளை எப்போதும் படத்துக்குள் இருக்கும்படி எடுக்க வேண்டும். பிறகு ஒரு தாளில் எழுதுங்கள்: பந்து எத்தனை தரம் பறிபோனது, எந்தக் கையில், எதனால், ரிங்குக்குக் கிட்டே எத்தனை முயற்சி, எத்தனை விழுந்தது, ப்ரீ த்ரோ (பவுலுக்காகக் கோட்டில் நின்று யாரும் தடுக்காமல் எறிவது) எத்தனைக்கு எத்தனை. மொத்தப் புள்ளிகளைப் பார்க்க வேண்டாம், அது அணியையும் எதிரணியையும் பொறுத்தது. இந்தத் தாளிலிருந்து ஒரு பிழையை, மிஞ்சினால் இரண்டை எடுத்துக்கொண்டு கோச்சிடம் போங்கள்.

யாரிடம் போவது

இந்த ஊரிலும் மட்டக்களப்பிலும் பாஸ்கட்போலை வளர்த்தவர்கள் அமெரிக்க யேசு சபைக் குருக்கள். 1990 ஓகஸ்டில் காணாமற்போன ஹேபர்ட் அடிகளார் இரண்டு ஊர்க் கல்லூரிகளிலும் கோச்சாக இருந்தவர். அந்தப் பாரம்பரியத்தால் நன்றாக ஆடிய பழைய மாணவர்கள் நம்மிடம் உண்டு. ஆனால் நன்றாக ஆடியவர் எல்லோருக்கும் பழக்கத் தெரியும் என்றில்லை. காசு கொடுக்க முன் ஒரு வகுப்பைப் போய்ப் பாருங்கள். பிள்ளையின் கையில் பந்து இருக்கும் நேரம் கூடவா, கோச் பேசும் நேரம் கூடவா? ஒரு தடவையில் ஒரு திருத்தம் மட்டும் சொல்கிறாரா, அல்லது முழங்கை, கால், கண் என்று ஒரே மூச்சில் அடுக்குகிறாரா? கூம்புகளைச் சுற்றி ஓடுவதிலேயே வகுப்பு முடிகிறதா, அல்லது யாராவது எதிரே நின்று தடுக்கிறார்களா? கூம்பு பந்தைப் பறிக்காது. கூம்புக்கு முன் அழகாக டிரிபிள் பண்ணும், அதாவது பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு போகும் பிள்ளை மட்ச்சில் திணறுவது அதனால்தான்.

உங்கள் தாளைக் காட்டி, “ஆறு கிழமையில் இதில் எது மாறும், எப்படி அளப்பீங்கள்?” என்று கேளுங்கள். நேரான பதில் வராவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பது நல்லது.

வகுப்பு திறந்த மைதானத்தில், பெற்றோரில் ஒருவர் பார்க்கக்கூடிய இடத்தில் நடக்க வேண்டும். செய்திகள் பெற்றோரின் போனுக்கே வரட்டும், பிள்ளையின் போனுக்குத் தனியாக வேண்டாம். இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். நல்ல கோச் யாரும் இதற்குக் கோபிக்க மாட்டார்.

பேசி வைத்துக்கொள்ள வேண்டியவை

தனி ஆளாகப் போவதைவிட ஒரே தரத்திலுள்ள இரண்டு மூன்று பிள்ளைகள் சேர்ந்து போவது நல்லது. செலவு பிரியும், தடுக்க ஆள் கிடைக்கும், பந்து பொறுக்கும் நேரமும் மிச்சம். நான்குக்கு மேல் போனால் மீண்டும் வரிசைதான். ஆறு கிழமைக்குப் பன்னிரண்டு வகுப்பு என்று பேசுங்கள். மழைக்கு நின்றால் என்ன, யார் மைதான அனுமதி எடுப்பது என்பதையும் தெளிவாக்குங்கள். பாடசாலை மைதானமென்றால் அதிபரிடம் எழுத்தில் அனுமதி வாங்குவது பின்னால் வரும் தலையிடியைத் தவிர்க்கும்.

ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை மழை வகுப்புகளைத் தின்றுவிடும், ஆகவே புதிதாகத் தொடங்க மாசி, பங்குனி நல்ல காலம். வெயில் மாதங்களில் காலை ஆறு மணி அல்லது பின்னேரம் நாலரைக்குப் பிறகு. மத்தியானம் சூடேறிய சீமெந்து சப்பாத்தின் அடியையும் பிள்ளையையும் சேர்த்து வாட்டும். கச்சான் காற்று பலமாக அடிக்கும் நாளில் தூர ஷூட் வேண்டாம். காற்றுக்கு ஏற்பப் பிள்ளை கையை வளைக்கப் பழகிவிடும். அன்றைக்கு டிரிபிளும் லேஅப்பும் (ரிங்குக்குக் கிட்டே ஓடிவந்து எழும்பி, பின்னாலுள்ள போர்டில் பட்டு விழும்படி போடுவது) செய்யலாம். தரையில் மணல் படிந்திருந்தால் முதலில் தும்புத்தடியால் கூட்டுங்கள், கணுக்கால் சுளுக்குவது அதில்தான். கடற்காற்றில் ரிங்கின் ஆணிகள் துருப்பிடித்து ரிங் முன்பக்கம் சரிவதுண்டு. நாடாவால் அளந்து பாருங்கள்: தரையிலிருந்து 3.05 மீற்றர். ப்ரீ த்ரோக் கோடு அழிந்திருந்தால், போர்டின் முகப்பிலிருந்து நூல் தொங்கவிட்டு அங்கிருந்து 4.60 மீற்றர் அளந்து சோக்கால் கீறுங்கள்.

வகுப்புக்குள்

எழுபத்தைந்து நிமிடம் போதும். பத்து நிமிடம் உடம்பைச் சூடாக்குவது. பிறகு பதினைந்து நிமிடம் டிரிபிள், அதில் பலவீனமான கைக்கே பெரும்பங்கு. பந்து உள்ளங்கையில் படக்கூடாது, விரல்களில் தங்க வேண்டும். தடுப்பவர் கிட்டே வந்தால் முழங்கால் உயரத்துக்கு மேல் எழக்கூடாது. எதிரே நிற்பவர் விரல்களைக் காட்ட, பிள்ளை எண்ணைச் சொல்லிக்கொண்டே டிரிபிள் பண்ணட்டும். கண் கீழே போனால் எண் பிழைக்கும்.

லேஅப்பை நடையிலிருந்து தொடங்க வேண்டும். வலக்கை லேஅப்புக்கு வலக்கால், இடக்கால், பிறகு எழும்புதல்; இடக்கைக்கு இது மாறும். முதலில் டிரிபிள் இல்லாமல் இரண்டு அடி, பிறகு ஒரு டிரிபிள், பிறகுதான் ஓட்டம். 45 பாகைச் சாய்விலிருந்து வந்து, போர்டிலுள்ள சிறிய சதுரத்தின் தன் பக்க மேல் மூலையைக் குறிவையுங்கள். பெரும்பாலான லேஅப் தவறுவது கையால் அல்ல: பிள்ளை ரிங்குக்கு நேர் கீழே வந்தபின் எழும்புகிறது, பந்து போர்டில் சரியான கோணத்தில் படவே இடமில்லை. எழும்பும் இடத்தில் சோக்கால் ஒரு கோடு கீறிவிட்டால் சீக்கிரம் திருந்தும்.

ஷூட்டிங்கில்தான் அவசரம் கூட. மூன்று புள்ளிக் கோடு 6.75 மீற்றரில் இருக்கிறது. பலம் போதாத பிள்ளை அங்கிருந்து எறிந்தால் உடம்பு முழுவதும் பிழையாகப் பழகும். ரிங்கிலிருந்து ஒன்றரை மீற்றரில் ஒற்றைக் கையால் தொடங்கி, பத்துக்கு ஏழு விழுந்தால் மட்டும் ஓரடி பின்னே போங்கள். பந்து தொடர்ந்து ரிங்கை எட்டாமல் விழுந்தால் கால் மடங்கவில்லை, அல்லது களைப்பு. பக்கவாட்டில் விலகினால் அது கைப்பிழை: வலக்கைக்காரருக்கு முழங்கை வெளியே விரிகிறது, அல்லது தாங்கும் இடக்கையின் பெருவிரல் பந்தைத் தள்ளுகிறது. பந்து நேர்ப் பின்னாகச் சுழலாமல் சாய்வாகச் சுழல்வது பெருவிரலின் வேலை.

கடைசிப் பதினைந்து நிமிடம் ஒருவருக்கு ஒருவர் ஆட்டம், இடையிடையே மூச்சு வாங்கும்போதே இரண்டிரண்டு ப்ரீ த்ரோ. இதை வெட்டுகிற கோச்சிடம் ஏன் என்று கேளுங்கள்.

போனில் பார்த்த என்பிஏ அசைவுகளைப் பழக்கும்படி பிள்ளைகள் கேட்பார்கள். பீபா (FIBA, சர்வதேச பாஸ்கட்போல் சம்மேளனம்) விதிப்படி, நின்ற இடத்திலிருந்து டிரிபிள் தொடங்கும்போது பந்து கையை விட்டுப் போகும்வரை ஊன்றிய காலைத் தூக்கக்கூடாது. ஓட்டத்தில் பந்தைப் பிடிக்கும்போது தரையிலுள்ள காலைக் கணக்கில் சேர்க்காமல் இரண்டு அடி வைக்கலாம் என்பது 2017 ஒக்டோபரிலிருந்து. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் பாடசாலை மட்ச்சில் விசில்தான் கேட்கும்.

வீட்டு வேலையும் கொப்பியும்

கிழமையில் நாலு நாள், இருபத்தைந்து நிமிடம். ரியூஷனுக்கு முன் முற்றத்தில் முடித்துவிடலாம். ரிங் இல்லாவிட்டால் டிரிபிளும் சுவரில் பாஸும். ரிங் கிடைக்கும் நாளில் ஐம்பது ப்ரீ த்ரோ, பத்துப் பத்தாக. கொப்பியில் ஒவ்வொரு பத்தையும் தனியாக எழுதுங்கள்: 4, 6, 7, 6, 7. முதல் பத்துத்தான் மட்ச்சுக்குக் கிட்டியது, அங்கே கை சூடேற நேரம் கிடைக்காது. கையின் பிடியை மாற்றினால் முதல் இரண்டு கிழமை எண்ணிக்கை இறங்குவது வழமை. அதற்காகப் பழைய பிடிக்குத் திரும்ப வேண்டாம். ஆனால் சுற்றுப்போட்டிக்கு இரண்டு கிழமை இருக்கையில் எந்த மாற்றமும் தொடங்கக்கூடாது.

பாடசாலைக் கோச்சுக்குத் தெரியாமல் இதைச் செய்யாதீர்கள். ஒருவர் ஒன்றைச் சொல்ல மற்றவர் வேறொன்றைச் சொன்னால் நடுவில் நசிவது பிள்ளை. ஒரு போன் பேச்சில், எந்தப் பிழையைத் திருத்துகிறோம் என்று சொன்னால் போதும்.

வளரும் வயதில் முழங்கால் சில்லுக்குக் கீழே வலித்தால் எழும்பும் பயிற்சிகளைக் குறையுங்கள். நொண்டினால் நிறுத்திவிட்டு வைத்தியரிடம் காட்டுங்கள். தண்ணீர் ஒரு லீற்றராவது கொண்டுபோக வேண்டும். கடும் வெயில் காலத்தில் உப்பும் சீனியும் போட்ட தேசிக்காய்த் தண்ணீர் நல்லது.

ஆறு கிழமை முடிய, மீண்டும் இரண்டு மட்ச்சை அதே மாதிரி எடுத்து எண்ணுங்கள். கொப்பியில் எண் ஏறி மட்ச்சில் ஏறாவிட்டால், தடுப்பவர் இல்லாத பயிற்சி கூடிவிட்டது என்று கோச்சிடம் சொல்லுங்கள். கொப்பியிலேயே ஏறாவிட்டால், முதலில் வீட்டு வேலை நடந்த நாட்களை எண்ணிப் பாருங்கள். நாட்கள் சரியாக இருந்தும் எண் அசையவில்லையென்றால் அடுத்த தவணைக்குக் காசு கட்ட வேண்டாம்.