பாலாற்று மணலும் ஏரிச் சேறும்: ஃபோர் வீல் டிரைவ், டிஃப் லாக் எப்போது போடுவது?

வேலூர் பக்கம் ஃபோர் வீல் டிரைவ் வண்டி வைத்திருப்பவர்களுக்குப் பழகிப் பார்க்கத் தரைக்குப் பஞ்சமில்லை. பாலாற்றங்கரையில் மணல், மழைக்குப் பிறகு ஏரி உள்வாயில் களி, ஜவ்வாது மலை அடிவாரத்தில் கல்லும் பள்ளமுமான பாதை. மூன்றிலும் வண்டி சிக்கும், ஆனால் காரணம் வேறு வேறு. அதனால் லீவரைத் தொடுவதற்கு முன், அச்சின் நடுவே இருந்து இரண்டு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கரத் தொகுதி என்ன செய்கிறது என்பதைக் கையாலேயே தெரிந்துகொள்வோம்.

1. ஜாக்கி போட்டு ஒரு சோதனை

சமமான கெட்டித் தரையில் வண்டியை நிறுத்துங்கள். முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுத்து, பின் அச்சைத் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது. எஞ்சினை அணைத்து, 2 எச்-இல் (பின் சக்கரங்கள் மட்டும் ஓடும் நிலை) வைத்து, முதல் கியர் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுங்கள்.

இப்போது ஒரு பின் சக்கரத்தைக் கையால் முன்பக்கமாகச் சுற்றினால், மறுபக்கச் சக்கரம் பின்பக்கமாகச் சுற்றும். எஞ்சின் பக்கமிருந்து அச்சுக்கு வரும் ஷாஃப்ட் அசையவே இல்லை, ஆனாலும் சக்கரங்கள் தங்களுக்குள் வேகத்தை மாற்றிக்கொள்கின்றன. வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டியிருப்பதால், தார் ரோட்டில் இந்தச் சுதந்திரம் அவசியம்.

ஃபோர்ஸ் கூர்க்கா மாதிரி கையால் போடும் டிஃப் லாக் (இரண்டு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டுவது) உள்ள வண்டியில், லாக் முழுதாக விழுந்த பிறகு இதையே செய்தால் சக்கரம் நகராது. மஹிந்திரா தாரின் சில மாடல்களில் பின் அச்சில் வரும் மெக்கானிக்கல் லாக், இரண்டு சக்கரங்களின் வேகத்தில் பெரிய வித்தியாசம் வந்தால்தான் விழும். கையால் சுற்றும்போது அது சாதாரண டிஃபரன்ஷியல் போலத்தான் இருக்கும்.

2. சிக்கல் எங்கே?

சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரங்களுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் தரும். சேற்றில் இருக்கும் சக்கரம் 100 நியூட்டன் மீட்டர்தான் தாங்கும், காய்ந்த தரையில் இருப்பது 800 தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். சேற்றுச் சக்கரம் 100-இல் வழுக்கிவிடும். மறுபக்கத்துக்கும் அதே 100தான் போகும். மொத்தம் 200. எவ்வளவு ஆக்ஸிலரேட்டர் கொடுத்தாலும் குழிதான் ஆழமாகும். லாக் போட்டால் இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்ற முடியும், அதனால் 100-உம் 800-உம் சேர்ந்து 900 வரை கிடைக்கும்.

ஃபோர் வீல் டிரைவ் இதைத் தீர்க்காது. அது முன் அச்சையும் வேலைக்கு இழுக்கிறது, அவ்வளவுதான். ஓடைப் பள்ளத்தைக் குறுக்காகக் கடக்கும்போது முன் இடதும் பின் வலதும் ஒரே நேரத்தில் தரையை விட்டுத் தூக்கினால், நாலு சக்கரமும் இணைந்த வண்டியும் நின்றுவிடும். பழைய மாருதி ஜிப்சி ஓட்டியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மாருதி ஜிம்னியில் சும்மா சுற்றும் சக்கரத்துக்கு மட்டும் வண்டியே பிரேக் பிடித்து, விசையை மறுபக்கம் தள்ளும். அதற்கு ஓரிரு நொடி ஆகும். பயந்து காலை எடுக்காமல் ஆக்ஸிலரேட்டரை ஒரே சீராக வைத்திருங்கள்.

டிராக்டர் உள்ள வீட்டில் வளர்ந்தவர்களுக்கு லாக் புதிதில்லை. சேற்றுழவில் ஒரு சக்கரம் வெறுமனே சுற்ற ஆரம்பித்தால் டிஃப் லாக் பெடலை மிதிப்பார்கள், வரப்போரம் திருப்புவதற்கு முன் விட்டுவிடுவார்கள். ஜீப்பிலும் அதே பழக்கம்தான் வேண்டும்.

3. மணலில்

மணலில் முதல் வேலை காற்றைக் குறைப்பது. வழக்கமாக 30 பிஎஸ்ஐ அளவில் இருக்கும் டயரை 18-க்கு இறக்குங்கள். டயர் நீளவாக்கில் பரந்து, மணலைத் தோண்டாமல் மேலே மிதந்து போகும். என் கணக்கில் மணலில் லாக்கை விட இதற்குத்தான் பலன் அதிகம். 15-க்குக் கீழே போனால், திருப்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுகொள்ளலாம்.

மணலில் இறங்கும் முன்பே 4 எச் (நாலு சக்கரமும் வழக்கமான வேகத்தில் ஓடும் நிலை) போடுங்கள். சீரான வேகம், அகலமான திருப்பம். நிறுத்த வேண்டுமானால் பிரேக்கை அழுத்தாமல் தானாக நிற்க விடுங்கள், ஏனென்றால் பிரேக் பிடித்தால் டயருக்கு முன்னால் மணல் மேடு கட்டிவிடும்.

பழகுவதற்கு ஆற்றுக்குள் இறங்காதீர்கள். அங்கே குடிநீர் உறைகிணறுகள் இருக்கின்றன. கரையோரக் கழனியில், நிலத்துக்காரரைக் கேட்டுக்கொண்டு பழகலாம்.

4. சேற்றிலும் மலைப்பாதையிலும்

களியில் முதலில் இறங்கி நடந்து பாருங்கள். கால் முழங்கால் வரை போனால் வண்டி போக வேண்டாம். போகலாம் என்றால் 4 எல் (நாலு சக்கரமும் மெதுவாக, அதிக விசையோடு ஓடும் நிலை) முன்கூட்டியே போடுங்கள். பெரும்பாலான வண்டிகளில் அதற்கு முழுதாக நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைக்க வேண்டும். நடுச்சேற்றில் நிறுத்தினால் வண்டி அங்கேயே உட்கார்ந்துவிடும். கையால் போடும் லாக்கையும், சக்கரம் சுற்ற ஆரம்பிப்பதற்கு முன், ஸ்டீயரிங் நேராக இருக்கும்போதே போடுங்கள். வேகமாகச் சுற்றும்போது போட்டால் உள்ளே பல் உடையும்.

மலைப்பாதையில் ஒன்றை மறக்காதீர்கள். பக்கவாட்டில் சரிந்த ஈரமான செம்மண்ணில் லாக் எதிரியாகும். லாக் இல்லாவிட்டால் பின்னால் ஒரு சக்கரம் வழுக்கும், மற்றது பக்கவாட்டுப் பிடியை விடாது. லாக் போட்டிருந்தால் இரண்டும் சேர்ந்தே வழுக்கி, வண்டியின் பின்பக்கம் பள்ளத்தை நோக்கி இறங்கும். அங்கே லாக்கை எடுத்துவிட்டு மெதுவாகப் போங்கள். இறக்கத்தில் 4 எல், முதல் கியர். எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், கிளட்சைத் தொடாதீர்கள். காப்புக்காட்டில் பாதையை விட்டு விலகவே கூடாது.

5. தார் ரோடு வந்ததும்

முதலில் லாக்கை எடுங்கள், அப்புறம் 2 எச்-க்கு மாற்றுங்கள். மஹிந்திரா தாரிலும் ஜிம்னியிலும் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது. காய்ந்த தார் ரோட்டில் 4 எச்-இல் திருப்பினால் ஷாஃப்டுகள் முறுக்கிக்கொள்ளும், லீவரும் வராது. அப்போது அதை அடித்து இழுக்க வேண்டாம். நேராகச் சில அடி பின்னால் ஓட்டினால் முறுக்கு தளர்ந்து லீவர் வந்துவிடும். டேஷ்போர்டில் விளக்கு அணைந்ததா என்று பார்த்துவிட்டு, காற்று நிரப்பும் வரை 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் பக்கத்துப் பஞ்சர் கடைக்குப் போங்கள்.