விளையாடும் பிள்ளையின் படிப்பில் நாம் செய்யும் தவறுகள்

மகள் மாவட்டக் கைப்பந்து அணியில் ஆடுகிறாள். பத்தாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வில் கணக்கில் 38. பெரும்பாலான வீடுகளில் அன்றைக்கே தீர்ப்பு வந்துவிடும்: "இனி மைதானத்துப் பக்கம் போகாதே." தவறுகளில் பெரியது இதுதான். ஆட்டத்தை நிறுத்தினால் மிச்சமாகும் மாலை நேரம் தானாகப் படிப்பு நேரமாகிவிடாது. ஊக்கம் குறித்து ஆராய்ந்த உளவியலாளர்கள் எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயனும், உள்ளிருந்து எழும் ஆர்வத்துக்கு மூன்று தேவைகளைச் சொல்கிறார்கள்: தன் விருப்பப்படி செயல்படுவது, தன்னால் முடியும் என்று உணர்வது, தனக்கென மனிதர்கள் இருப்பது. அவளுக்கு இந்த மூன்றும் கிடைத்த இடத்தைப் பூட்டிவிட்டுப் புத்தகத்தை நீட்டினால், படிப்பு தண்டனையாகவே படும். பயிற்சியைக் குறைத்தே ஆக வேண்டுமென்றால், எந்த நாட்களில் என்பதை அவளே சொல்லட்டும்.

இதற்கு நேர்மாறாக, "விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறதே" என்று படிப்பைக் கைகழுவுவோரும் உண்டு. தமிழ்நாட்டில் அரசு வேலைகளில் 3 சதவீத ஒதுக்கீடு இருப்பது உண்மை. ஆனால் பொறியியல் கலந்தாய்வின் விளையாட்டுப் பிரிவில் நிற்கவும் பிளஸ் 2-வில் குறைந்தபட்ச மதிப்பெண் வேண்டும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்துக்கொண்டே 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் பாட்மிண்டன் வெள்ளி வென்ற துளசிமதி முருகேசனைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

விளையாடினால் பொறுமையும் ஒழுக்கமும் தானாக வந்துவிடும் என்று நம்புவது, ஆசிரியர்களிடமும் நான் காணும் தவறு. தோற்ற அணியை வரிசையில் நிறுத்தித் திட்டும் பயிற்சியாளரிடம் பிள்ளைகள் கற்பது அழுகையை மறைக்க மட்டுமே. நிதானமும் சொல்லித் தர வேண்டிய ஒன்றுதான். "சர்வீஸ் வலையில் பட்ட பிறகு, அடுத்த பந்துக்கு மனதை எப்படித் திருப்பினாய்?" என்று கேளுங்கள். பதிலை அவள் வாயால் சொல்லட்டும். வினாத்தாளின் முதல் கேள்வியே தெரியாதபோது செய்ய வேண்டியதும் அதுதான் என்று அப்போது எடுத்துக்காட்டுங்கள். களத்தில் பழகியதை வகுப்பறைக்குக் கொண்டுபோகப் பலருக்கு இந்த உதவி தேவைப்படுகிறது.

போட்டிக்குப் போன நாட்களுக்கு ஆன் டியூட்டி வருகைப்பதிவு கிடைத்துவிடும், பாடம் கிடைக்காது. விட்டுப்போனதைச் சொல்லித்தர ஓர் ஆசிரியரைப் போட்டிக்கு முன்பே பொறுப்பாக்க வேண்டும்.

காயம்பட்டவரை வீட்டோடு முடக்குவதும் கூடாது. "நான் விளையாட்டு வீராங்கனை" என்பதே முழு அடையாளமாக இருக்கும் வயதில், ஆட முடியாத மாதங்கள் படிப்பையும் சேர்த்துச் சாய்த்துவிடும். மருத்துவர் அனுமதித்தால் அவள் மைதானத்துக்கு வரட்டும். ஸ்கோர் எழுதட்டும், இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும்.